காவிரி ஓடாத கேசட்

நான் எழுதிய பாடல்கள் மொத்தம் எட்டு. எட்டிலும் காவிரி ஓடியது. நான் நேரில் பார்த்திருந்த ஒரே ஆறு, காவிரிக்குக் கடல் தாண்டி எங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் கிள்ளான் ஆறு. அதைப் பாட்டில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அதன் பாலத்தைக் கடப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பண்டமாரானில் எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி ஒரு பெண் இருந்தாள். வயது பத்தொன்பது. சுங்கை வேயில் தொழிற்சாலை வேலை, திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டு. அசல் பாடகி போலவே பாடுகிறாள் என்று ஊரே மெச்சும். அந்த மெச்சல்தான் அவளுக்கு எரிச்சல். சொந்தப் பாட்டாகவே ஒரு கேசட் போடப்போகிறேன் என்றாள். ஞாயிறு இதழில் என் கவிதை இரண்டு வந்திருந்ததால் வட்டாரக் கவிஞர் பதவி அப்போது என் வசம். எழுதிக் கொடுத்தேன்.

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் ஒலிப்பதிவு. எதிரொலி கேட்காமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. கேசட்டைக் கடைகளில் போட ஒப்புக்கொண்டிருந்த விநியோகஸ்தரும் வந்து உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டின் இசை தொடங்கியது. அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

“அண்ணே, நீங்க காவேரியப் பாத்திருக்கீங்களா?”

இல்லை என்றேன். கவிஞன் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டியதில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“நானும் பாத்ததில்ல. ரெண்டு பேரும் பாக்காத ஆத்துல நான் எதுக்குக் குளிக்கணும்?”

எட்டுப் பாட்டிலும் காவிரியை அடித்துவிட்டுக் கிள்ளான் ஆறு என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். சந்தம் இடித்தது, அவள் தொண்டையால் அதை நிமிர்த்தினாள். பிறகு பையிலிருந்து ஓவர்டைம் படிவம் ஒன்றை எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் ஒன்பதாவது பாட்டு, அவளே எழுதியது: ‘பஸ்ஸு வந்திருச்சு லா, பவுடர் போட நேரமில்ல லா.’ எங்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வைப் பாட்டில் படித்ததும் எனக்குள் இருந்த யாப்பு மயங்கி விழுந்தது.

விநியோகஸ்தர் மயங்கவில்லை, வியாபாரி. நம் ஆட்கள் கேசட்டைக் கையில் எடுத்ததும் அட்டையைத் திருப்பி இந்தியச் சரக்குதானா என்றுதான் பார்ப்பார்கள் என்றார். உண்மைதான், நானும் அப்படித்தான் திருப்புவேன். லாவை எடுத்துவிட்டு, அட்டையில் ‘சென்னைப் பாடகி’ என்று போட்டால் கடைக்குப் போகும், இல்லையென்றால் போகாது என்று அவர் முடித்தார்.

“பண்டமாரான் பொண்ணுன்னு போடுங்க அங்கிள். பெரிசா போடுங்க.”

அவர் எழுந்து போய்விட்டார். கேசட் விற்குமா என்ற கேள்வியும் அவரோடு மாடிப்படி இறங்கியது. அந்த வீர நேரத்தில் நான் ஆற்றிய பங்கையும் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் ஆற்றைப் பாடியவன் என்று இலக்கிய நண்பர்கள் சிரிப்பார்களே என்று பயந்து, அட்டையில் என் பெயர் வேண்டாம் என்றேன். நிச்சயமா அண்ணே என்று இரண்டு முறை கேட்டாள். நிச்சயம் என்றேன்.

எந்தக் கடையும் அந்தக் கேசட்டை வாங்கவில்லை. முதல் பிரதியைத் தன் தொழிற்சாலை பஸ் டிரைவரிடம் கொடுத்தாள். காலை ஷிப்டு முழுக்க அதைக் கேட்டது, பிறகு மாலை ஷிப்டு. அங்கிருந்து துறைமுக லோரிகளுக்கு ஏறியது. சில மாதங்களில் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் ஆட்கள் வந்து, பஸ் பாட்டு இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள். விநியோகஸ்தர் பண்டமாரானுக்கே வந்தார். லாவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறுபடி அட்டை அடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தலை சீவிக்கொண்டு நானும் போனேன். இந்த முறை ஒரு மூலையில் என் பெயரையும் போடலாமே என்றேன்.

“ஆறு நாறுதுன்னுதானே அண்ணே பேர எடுத்தீங்க? இப்ப மட்டும் மணக்குதா?”

அவள் அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். புது அட்டையிலும் என் பெயர் இல்லை. ‘பண்டமாரான் பொண்ணு’ மட்டும் முன்பைவிடப் பெரிதாக இருந்தது.