காப்பு அவிழ்த்த பிறகு

ஐம்புலன்களையும் ஆமைபோல் உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்னோர் சொன்னதை வகுப்பில் படிக்கும்போதெல்லாம், மாமாவின் இடக்கை என் நினைவுக்கு வரும். ஆமைக்கு ஓடு பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. மனிதர்கள் அதைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாமா அம்மாவின் தம்பி. குடியால் வேலையை இழந்து, ஜெலுத்தோங் நகர்ப்பகுதியில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். "இன்னொரு தடவ குடிச்சிட்டு வந்தா, இந்தக் கதவு உனக்குத் திறக்காது" என்று அம்மா அவரிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அதன் பிறகே அவர் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு தைப்பூச விரதம் தொடங்கினார். அந்தக் கயிறு கையில் இருந்தவரை ஒரு துளியும் தொடவில்லை. கன்னத்தில் அலகுடன் அவர் தண்ணீர்மலைக் கோயில் படிகளில் காவடி ஏந்தி ஏறியபோது, முகத்தில் வலியின் சுவடே இல்லை. உலகத்திலேயே மனவலிமை மிகுந்த மனிதர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பூசம் முடிந்து காப்பை அவிழ்த்தார்கள். அம்மாவின் கவலை அன்றுதான் தொடங்கியது. வென்று வந்தவரைப் பார்த்து எதற்குக் கவலை என்று எனக்கு விளங்கவில்லை.

என்னைப் பள்ளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் அழைத்துவருவது மாமாவின் பொறுப்பு. அவர் நேர்வழியில் வந்ததே இல்லை. கடலோரச் சாலையைச் சுற்றிக்கொண்டு வருவார். எனக்குக் கடல் காட்டவே அப்படி வருகிறார் என்று நம்பி உள்ளூரப் பெருமைப்பட்டேன். ஆனால், நேர்வழியில் இருந்த கோப்பிக் கடையின் வாசலில், ஐஸும் தேங்காய்ப்பாலும் கலந்த செண்டோல் விற்பார்கள். வெயில் கொளுத்திய ஒரு நாள், அங்கே போயே தீர வேண்டும் என்று அடம்பிடித்தேன். மாமா நெடுநேரம் மறுத்தார். நான் அழத் தொடங்கியதும் வண்டி திரும்பியது.

கடையில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் பீர் போத்தலும் கிளாஸுமாக அமர்ந்திருந்தார்.

"ஐயோ, சாமியே நேர்ல வந்துட்டாரு! உக்காருண்ணே. காப்புதான் அவுத்தாச்சே, இன்னும் என்ன?"

"பிள்ள இருக்குலா, தம்பி."

"பிள்ள செண்டோல் சாப்பிடட்டும், நீ இதக் குடி. கன்னத்துல அலகு குத்துன ஆளு, ஒரு கிளாஸ் பீருக்கா பயப்படுற?"

நுரை ததும்ப ஊற்றி, கிளாஸை மாமாவின் பக்கம் நகர்த்தினார். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் இடக்கையைத் தம் வலக்கையால் இறுகப் பற்றிக்கொண்டு, தமக்கும் ஒரு செண்டோல் கேட்டார். இடக்கையால் ஒருபோதும் உண்ணாதவர், அன்று இடக்கையில் கரண்டி பிடித்துத் தட்டுத்தடுமாறி உண்டார். பாதி சட்டையில் சிந்தியது. நண்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். கிளாஸில் நுரை மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. என் விரல்கள் நோகத் தொடங்கின.

"விடுங்க மாமா, நான் எங்கயும் ஓட மாட்டேன்."

"தெரியும்மா. கொஞ்ச நேரம் இப்படியே இரு."

கிளாஸை அப்படியே விட்டுவிட்டு எழுந்தோம். மோட்டார்வரை அவர் என் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், மாமா இடக்கையால் சாப்பிட்டதையும் என் விரல்கள் நொந்ததையும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் புகார் செய்தேன். அம்மா அந்த நண்பரைப் பற்றியும் கிளாஸைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டார். பிறகு சிவந்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கும் மாமா கேட்டா, கையக் குடுத்துரு" என்றார்.

அலகையே தாங்கியவருக்கு என் கை எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் சாலையில் ஓடிவிடுவேன் என்று அம்மாவும் பயப்படுகிறார் போலும் என்றே நினைத்துக்கொண்டேன்.