மீமிசலில் விட்டு வந்த சீடை டப்பா

காலை ஐந்தரை மணிக்குப் பொன்னமராவதியில் பஸ் ஏறினேன். மடியில் சீப்புச் சீடை டப்பா. மீமிசலில் கடல் புல்லை ஆராய்ச்சி செய்யும் என் அண்ணன் மகள் செல்வியைப் பார்க்கத்தான் பயணம். புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் பஸ் மாற வேண்டும். நூறு கிலோமீட்டர் இருக்கும். அறந்தாங்கியில் டீ பன்னிரண்டு ரூபாய். சூடு மட்டும் நன்றாக இருந்தது.

பத்து மணிக்கு மீமிசல். காற்றெல்லாம் கருவாட்டு வாசம். ஆட்டோக்கார பாயிடம் இடத்தைச் சொன்னேன்.

“எங்க வீட்டு ஆட்டுக்கே புல்லு இல்ல. கடலுக்குள்ள கெடக்குற புல்லுக்கு ஜப்பான்காரன் காசு குடுக்குறாம்மா!” என்று சிரித்தார். பிறகு அவரே, “ஆனா அந்தப் புல்லு இருக்குற எடத்துலதாம்மா வலையில நண்டு படும்” என்றார்.

செல்வி ஆராய்ச்சிக்கூட வாசலில் நின்றாள். “இன்னைக்குன்னு பாத்து வந்திருக்கீங்களே அத்தை! ஜப்பானும் நம்ம நாடும் பாதிப் பாதி பணம் போடுது. ரெண்டு பக்கத்து அதிகாரியும் வந்திருக்காங்க. ரெண்டு பேரும் சரின்னாத்தான் வேலை தொடரும். ஒருத்தர் மாட்டேன்னாலும் மூட வேண்டியதுதான்.”

“ஜப்பானுக்கு இங்கிட்டு என்ன?”

“அங்கயும் புல்லு அழியுது அத்தை. இங்க எப்படிப் பொழைக்குதுன்னு பாக்குறாங்க.”

எனக்குப் புது ஆட்களிடம் பேச்சு வராது. ஜப்பான் அதிகாரியான அம்மாவிடம் டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவர் பின்வாங்கித் தலை குனிந்தார். நம் அதிகாரி கும்பிட்டு, “மார்க் போட வந்த எடத்துல கை நனைக்கக் கூடாதுங்கம்மா” என்றார். செல்வியின் முகம் வெளுத்தது. நான் தூணோரம் ஒதுங்கிவிட்டேன்.

மத்தியானம் முழங்கால் தண்ணீரில் நின்று அந்தப் புல்லைப் பார்த்தேன். நாற்று காற்றுக்கு ஆடுமே, அப்படி அலைக்கு ஆடியது.

நான்கு மணிக்கு ஜப்பான் அம்மா தானாக வந்து டப்பாவைக் கை காட்டினார்.

“மார்க்கை எழுதி அனுப்பிட்டாங்களாம். இனிமே சாப்பிடலாமாம்” என்றாள் செல்வி.

“என்னன்னு எழுதுனாங்களாம்?”

“அதைச் சொல்ல மாட்டாங்க.”

அந்த அம்மா நறுக்கென்று கடித்து, சிரித்து, இன்னும் இரண்டு எடுத்தார்.

“சிரிக்கிறாங்களே, சரின்னுதான் எழுதியிருப்பாங்க.”

“அது சீடைக்குச் சிரிக்கிறாங்க அத்தை.”

நம் அதிகாரி தொடவில்லை. “நான் இன்னும் எழுதலங்கம்மா. அடுத்த மாசம் முடிவு சொல்ல வருவேன். அப்ப சாப்பிடுறேன்.”

எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்களும் சம்பந்தம் முடிவாகாமல் சோற்றில் கை நனைப்பதில்லை. ஜப்பான் வீட்டார் சாப்பிட்டாயிற்று. நம் வீட்டார்தான் பாக்கி.

ஐந்தரை பஸ்ஸுக்கு வெறுங்கையோடு கிளம்பினேன். டப்பாவை நமத்துப்போகாமல் இறுக மூடி, செல்வியின் மேசைமேல் வைத்துவிட்டேன். சீப்புச் சீடை ஒரு மாதம் தாங்கும்.