சாம்பியனுக்கு எல் போர்ட் கட்டின கதை

ட்ரைவிங் பழக்கிறது எண்டால், அடுத்தவன்ர கையில ஸ்டியரிங்கையும் எங்கட உயிரையும் குடுத்திட்டு, சிரிச்ச முகத்தோட பக்கத்தில இருக்கிற தொழில். லண்டனில அந்தத் தொழிலைச் செய்து தலை நரைச்ச ஆக்களுக்கும், எங்களிட்டப் பழகிப் பெயில் விட்ட ஆக்களுக்கும் நான் சொல்லப்போறது விளங்கும்.

கதவு இருக்க, யன்னல் ஏன்?

இரண்டாயிரத்துச் சொச்சம். ஈஸ்ட் ஹாமில என்னட்டப் பழக ஒரு நெடுத்த அமெரிக்கக் கிழவர் வந்தார். பேர் வால்ட்டர். முதல் நாளே கார்க் கூரையில கையை வைச்சு, திறந்திருந்த யன்னலுக்குள்ள ஒரு காலைத் தூக்கினார். "ஐயோ, கதவு இருக்கு!" எண்டு கத்தினன். மனுசன் வெக்கப்பட்டுச் சிரிச்சார்.

பிறகுதான் கதை வெளிய வந்தது. ஆள் அமெரிக்காவில ஸ்டொக் கார் ஓட்டப் போட்டியில சாம்பியன். மீசை அரும்பின வயசில துடங்கி, மீசை நரைக்கும் மட்டும் ஓடினவர். அந்தக் கார்களுக்குக் கதவு திறக்காதாம், யன்னலுக்காலதான் ஏறவேணுமாம். கழுத்தில நெருப்புச் சுட்ட தழும்பு. இப்பிடி ஒரு ஆளுக்கு நான் என்னத்தைப் பழக்க?

ஆனால் சட்டம் சட்டம்தானே. அமெரிக்க லைசென்ஸ் இஞ்ச ஒரு வருஷம்தான் செல்லும், பிறகு எல்லாரையும் போல சோதினை எடுக்கவேணும். அவற்ர மனுசி டொரீன் ஈஸ்ட் ஹாமில பிறந்தவ. வீட்டில எப்பவும் கார் ஓடினது அவதான். இப்ப அவவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருது. கென்ற் பக்கம், பஸ் போகாத ஊர் ஒண்டில தங்கச்சி இருக்கிறா. கண் முழுக்கப் போகமுன்னம் தங்கச்சியின்ர முகத்தை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு டொரீனுக்கு ஆசை.

"இதுக்கு ஏன் சோதினை? நானே கூட்டிக்கொண்டு போறன்" எண்டன். வால்ட்டர் மாட்டன் எண்டிட்டார்.

"போட்டி முடிஞ்சு களைச்சு விழுந்த என்னை ஒவ்வொருமுறையும் வீட்டை கொண்டுபோய்ச் சேர்த்தது அவள்தான். இந்த ஒருமுறை நான் ஓடவேணும்."

பஸ்ஸின்ர வால்

வேகமா ஓடுவாரோ எண்டு பயந்துகொண்டிருந்தன். மனுசன் வேகமே இல்லை. முன்னுக்குப் போற வண்டியின்ர வாலில போய் ஒட்டுறதுதான் அவற்ர வியாதி. என்ர கால் பிரேக்கை விட்டு எழும்பவே இல்லை. ஏன் இப்பிடி எண்டு கேட்டால், சந்தோஷமா விளக்கம் வேற: முன்னுக்குப் போறவன் காத்தைக் கிழிப்பானாம், ஒட்டிப் போறவனுக்கு ஓட்டம் சுகமாம், பெற்றோலும் மிச்சமாம்.

"அண்ணை, இது இல்ஃபோர்ட் றோட்டு! இஞ்ச மிச்சம் பிடிக்க வேண்டியது உயிரைத்தான்" எண்டன். தலையாட்டினார். ஆனால் சோதினை அண்டைக்குப் பழக்கதோஷம் விடேல்லை. சோதினை பாத்த பொம்பிளை இறங்கிவந்து, "அவ்வளவு கிட்டப் போனதுக்கு, நாங்களும் அந்த பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கவேணும்" எண்டா. பெயில்.

டொரீனை குளிர்காலத்துக்கு முன்னம் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கண் டொக்டர் சொல்லியிருந்தார். இலை கொட்டத் துடங்கியிட்டுது. வால்ட்டர் காரை விட்டு இறங்காமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"தோக்கிறது எனக்குப் பழக்கம். அதைப் போய் டொரீனிட்டச் சொல்லுறதுதான் பழக்கமில்லை."

நடுவில சாமி

அடுத்த கண்டம் ரவுண்டபவுட், நாலு றோட்டும் சேருற வட்டச் சந்தி. அவர் ஓடின வட்டமெல்லாம் இடப்பக்கம் வளையிற வட்டம். எங்கட ரவுண்டபவுட்டை வலப்பக்கமாச் சுத்தவேணும். அதைக் கண்டால் சாம்பியனுக்குக் கை மரத்துப்போகும்.

என்னோட வேலை செய்யிற நித்தி அண்ணைக்குச் சொன்னன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார்: "எல்லாரும் கோயிலை வலம் வருவினம், உன்ர சாம்பியன் இடம் வாறாரோ?"

அட, இது எனக்கு ஏன் முதலே வரேல்லை! வெள்ளிக்கிழமை வால்ட்டரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனன். சப்பாத்தைக் கழட்டவைச்சு, "நடுவில சாமி. சாமி எப்பவும் உங்கட வலக்கைப் பக்கம்" எண்டு சொல்லிச் சொல்லிச் சுத்தினம். கைகூப்பிக்கொண்டு, நல்ல பிள்ளையா வந்தார். விபூதியும் பூசினார்.

அடுத்தநாள் ரவுண்டபவுட்டில வெண்ணெய் மாதிரி வளைச்சார். எனக்குச் சந்தோஷம் தாங்கேல்லை. ஆனால் மனுசன் வெளிய போகேல்லை! திரும்பச் சுத்துறார், திரும்பவும் சுத்துறார். பின்னால ஹோர்ன் கிழியுது. "வெளியால போங்கோ!" எண்டு கத்தினன். அவர் ஆறஅமரச் சொன்னார்:

"மூண்டு சுத்துச் சுத்தாட்டில் பலன் இல்லை எண்டு நேற்று நீதானே சொன்னாய்?"

பின்சீட்டில நான்

டொரீன் தங்கச்சியின்ர முகத்தைக் கண்டா. அதை முதலே சொல்லிப்போடுறன், இல்லாட்டில் நீங்கள் ஏங்கிப்போவியள். அடுத்த சோதினையில வால்ட்டர் ஒரு சுத்தும் கூடச் சுத்தாமல் பாஸ் எடுத்தார். அந்த ஞாயிறே வெளிக்கிட்டம். என்னையும் வா எண்டு கூப்பிட்டினம்.

அந்தக் காலத்தில, வால்ட்டரின்ர போட்டி நடக்கேக்க டொரீன் ஒருநாளும் கண் திறந்து பாக்கேல்லையாம். மோதுற சத்தம் கேக்குதோ எண்டு காதை மட்டும் குடுத்துக்கொண்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு இருப்பாவாம். அப்பிடியே ஒரு ஆயுசு போச்சுது.

அண்டைக்கு வால்ட்டர் ஓடின ஓட்டத்தை என்னெண்டு சொல்ல! முன் வண்டிக்கும் எங்களுக்கும் இடையில ஒரு தேரை இழுக்கலாம். லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான், சைக்கிள்காரன் திரும்பிப் பாக்கிறான். மத்தியானச் சாப்பாடு ஆறப்போகுது, அக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அமத்துங்கோ எண்டு சொல்ல வாயெடுத்தன். டொரீன் வெளியில பாக்கேல்லை. சீட்டில திரும்பி இருந்து, ஸ்டியரிங் பிடிச்சிருக்கிற மனுசன்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தா.

"இன்னும் மெதுவாப் போ வால்ட்டர், நான் பாத்து முடியேல்லை."

வேகமா ஓடினதுக்கெல்லாம் கப் குடுத்த உலகம், அவர் ஓடினதிலேயே நல்ல ஓட்டத்துக்கு லொறி ஹோர்னைத்தான் குடுத்தது.