மாசி போடாத சம்பல்

இணுவிலில் நான் தங்கிப் படித்த வீட்டில் அன்று விடுமுறை. கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, வெயிலும் கொதித்தது. அதனால் எளிய மரக்கறிச் சாப்பாடு என்று முடிவாயிற்று: பாண் ரொட்டி, வெள்ளரிக்காய்ப் பச்சடி, தேங்காய்ச் சம்பல்.

சம்பல் இடிக்கப் பக்கத்து அறைப் பெண்மணி வந்தார். கடற்கரைக் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்தவர், நெடிய உருவம், வெயிலில் கறுத்த தோள்கள். வீட்டுக்கார அம்மா அவரை அடுப்படிக்குள் விட்டது அன்றுதான் முதல்முறை. எதைத் தொடங்கினாலும் அந்தப் பெண்மணி சிலுவை போட்டுக்கொள்வார். அன்றும் போட்டார், பிறகு பழக்கத்தில் மாசிக் கருவாட்டுத் தகரப் பேணியை உரலருகே வைத்துவிட்டார்.

“கொடியேறின நேரம் மாசியோ? ஒரு துண்டு விழுந்தாலும் நான் வாயிலை வைக்கமாட்டன்!” என்றார் அம்மா.

அந்தப் பெண்மணி பேணியைத் திறக்கவில்லை. தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளைச் சிரட்டைத் தணலில் கருகச் சுட்டு, காய்ந்த செத்தல் மிளகாயோடு இடித்தார்.

அம்மா ஒரு வாய் தின்று நிமிர்ந்தார். “உண்மையைச் சொல்லும். மாசி போட்டனீரோ?”

“இல்லையம்மா. பேணி மூடினபடி கிடக்கு, பாருங்கோ. கடலுக்குப் போகேலாத நாளிலை எங்கடை மாசி உந்தச் சுட்ட தேங்காய்தான்.”

அம்மா பேணியைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். “இன்னும் கொஞ்சம் போடும். நாளைக்கும் நீர்தான் இடிக்கிறீர்.”

எனக்கு உரல் வழித்ததுதான் மிஞ்சியது. அதில் மீன்வாசம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.