கதவு வெளிச்சத்தில் நாகரத்னா எடுத்த படம்

காலை ஷிப்டுக்கு நுழையும்போது கேட்டிலேயே சொன்னார்கள், நாகரத்னா இறந்துபோய்விட்டார் என்று. ஓசூரில் ஒரே தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் பல வருடம் அடுத்தடுத்த மேசையில் இருந்தவர்கள் நாங்கள். அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய மரக் கேமராவும் தெரிந்திருக்கும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஃபிலிம் தாள் போடுகிற கருப்பு வெள்ளைக் கேமரா. பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட் பிடிப்பார்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில், பாறையை ஒட்டிய இருட்டுக் கோயிலுக்குள் ஒரு நடுகல் இருக்கிறது. பாறையைக் குவாரிக்குக் கேட்டவர்கள், அது செதுக்கலே இல்லாத வெறும் பலகைக்கல் என்று மனுக் கொடுத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் செல்போனில் எடுத்த படங்களிலும் அப்படித்தான் தெரிந்தது. தேய்ந்துபோன உருவம் ஃபிளாஷில் மறைந்துவிட்டது. விசாரணை நெருங்கியபோது நாகரத்னாவைக் கூப்பிட்டார்கள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

பக்கவாட்டுக் கதவு வழியாகச் சாய்ந்து வருகிற வெளிச்சமே போதும், அதில்தான் மேடுபள்ளம் தெரியும் என்றார். வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் காட்டியதைப்போல இரண்டு மடங்கு நேரம் கொடுத்தும் ஃபிலிம் வெளிறித்தான் வந்தது. வெளிச்சம் குறையக் குறைய ஃபிலிமும் மந்தமாகிவிடும். மீட்டருக்கு அது தெரியாது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

“பத்தல, அவ்ளோதாம்பா. வர்ற ஞாயித்துக்கிழமையே திரும்பப் போலாம்” என்றார்.

இரண்டாம் முறை பல மடங்கு நேரம் கொடுத்தார். ஒரு பெரியவர் வாசலை மறைத்து நின்று, இன்னும் எடுக்கலையா என்றார். நாகரத்னா லென்ஸை மூடிக்கொண்டு, “எடுத்துட்டுதான் இருக்கேன் பெரியப்பா. கொஞ்சம் நவுந்தீங்கன்னா வெளிச்சம் வரும்” என்றார். அவர் நகர்ந்ததும் மூடியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். படத்தில் கதவோரம் வெறும் வெள்ளையாகிவிடாமலிருக்க, ஃபிலிம் கழுவும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்.

படத்தில், புலியின் மேல் வாளைப் பாய்ச்சுகிற வீரன் நின்றான். தலைக்கு மேல் எழுத்துக்களும் இருந்தன.

கிருஷ்ணகிரியில் நடந்த விசாரணையில், இது கம்ப்யூட்டரில் வரைந்தது என்றார் குவாரிக்காரர். நாகரத்னா எழுந்துபோய் ஃபிலிமை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். “இதுல யாரும் வரைய முடியாதுங்க சார். வந்து பாருங்க” என்றார். அதிகாரி எழுந்து வந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நேரிலும் போய்ப் பார்த்தார். குவாரிக்கு அனுமதி கிடைக்கவில்லை.

இன்றும் சந்தேகமான பாகம் ஒன்று மேசைக்கு வந்தால், விளக்கடியில் பார்ப்பதோடு விடுவதில்லை நான். ஜன்னலோரம் கொண்டுபோய், மெல்லச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கீறலைத் தேடுகிறேன். நாகரத்னாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. என்னோடு இருக்கும்.