ஒலிபெருக்கியில் சொல்லாமல் விட்ட தொழில்

எங்கள் பள்ளிவாசலில் இறந்தவர் பற்றிய ஜனாஸா அறிவித்தலை ஒலிபெருக்கியில் வாசிப்பவர், பாங்கு சொல்லும் மோதினார். எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் நான். பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. கல்முனைப் பக்கத்தில் ஒருவர் மவுத்தானால் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அதனால் தொழிலையும் சேர்த்துச் சொல்வோம்: அரிசி ஆலைக்காரர், கரைவலை முதலாளி, ஓய்வுபெற்ற அதிபர்.

போன மாரியில் ஒரு காலை, மாநகர சபைக்காக எங்கள் வீதிகளில் குப்பை எடுத்தவர் இறந்துபோனார். அறிவித்தல் எழுதி வாங்க அவருடைய மகளைக் கட்டிய மருமகன் வந்தார்; அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்பார்.

"சபை ஊழியர் எண்டு போடுங்க காக்கா. என்ட மகளுக்குக் கலியாணப் பேச்சு வந்திரிக்கி. மத்தத மைக்கில செல்ல ஏலாது."

பத்திரிகையில் நான் எழுதுகிற 'சுகாதாரத் தொழிலாளி' என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரி ஆள் எண்டு நினைப்பாங்க. அது நல்லந்தான்... வேணாம், சபை ஊழியரே இரிக்கட்டும்."

அப்படியே எழுதினேன். மோதினார் வாசித்து முடித்ததும், சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி குசினியிலிருந்து கேட்டார்: "ஆரு மவுத்தான?"

"நம்மட குப்பைக்காரர்."

"அல்லாஹ்! அவரா? ஆரோ கந்தோர்ல எழுதுற ஆளாக்கும் எண்டு நானும் இருந்திட்டன்."

பகல் நாங்கள் மையித்து வீட்டுக்குப் போனபோது சொந்தக்காரர்கள் மட்டுமே இருந்தார்கள். வாசலில் போட்ட கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். இறந்தவரின் மகள் என்னைக் கண்டதும் வெளியே வந்தார்.

"இவ்வளவு பேர்தானா காக்கா வாப்பாக்குத் தொழப் போற? நாப்பது பேராவது வேணாமா? நாப்பது பேர் நிண்டு தொழுதாப் பாவம் மன்னிக்கப்படும் எண்டுவாங்களே. ஆரெண்டு தெரிஞ்சாத்தானே வருவாங்க. இன்னொருக்கா மைக்கில செல்லச் செல்லுங்க."

"ஊரச் சிரிக்க வைக்காத," என்றார் மருமகன்.

"நம்மட மகளக் கேட்டு வந்தவங்களுக்குத் தெரியாதா இவர் ஆரெண்டு? அவங்கட ஊட்டுக் குப்பையையும் வாப்பாதான் எடுத்த!"

அங்கிருந்த பெண்களில் ஒருவர் அழுகைக்கிடையே சிரித்துவிட்டார். மருமகன் வெறுங்கதிரைகளை எண்ணிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "போடுங்க காக்கா," என்றார்.

'நமது வீதிகளில் வீடு வீடாகக் குப்பை எடுத்து வந்தவர்' என்று எழுதிக் கொடுத்தேன். மோதினார் அதை இரண்டு முறை வாசித்தார்.

அஸருக்குப் பள்ளி முற்றத்தில் செருப்புக் கழற்ற இடமில்லை. கடைக்காரர்கள் பாதிக் கதவு சாத்திவிட்டு வந்திருந்தார்கள். மீன்காரர் ஒருவர் ஈரச் சாரனை மாற்ற வீட்டுக்கு ஓடிப்போய் வந்தார். கலியாணம் பேசி வந்த வீட்டு ஆண்களும் வரிசையில் நின்றார்கள். தொழுகை முடிந்து மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது தோள் கொடுக்க ஆட்கள் முண்டியடித்தார்கள். மருமகன் இரண்டு தடவை கையை நீட்டிப் பார்த்தார். அடக்கம் செய்யும் மையவாடியின் வாசல் வரைக்கும் அவருக்கு முறை கிடைக்கவில்லை.