நெல் தராசில் ஏறிய ஆறு கிலோ

இன்றைக்குக் காலையில் நெல் தராசில் ஏறி நின்று அழுதுவிட்டேன்!

(சிரிக்காதீர்கள். முழுவதையும் வாசித்துவிட்டு, பிறகும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.)

என்னைத் தெரியாதவர்களுக்கு: கிளிநொச்சியில் ஒரு நெல் களஞ்சியத்தில் தராசடியில் நிற்பவள் நான். சாக்கை நிறுப்பேன், ஈரம் பார்ப்பேன், காயாத நெல் என்றால் திருப்பி அனுப்புவேன். அதனால் பாதிச் சனத்துக்கு என்னைப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமைகளில் வேலை தொடங்கும் முன் நானும் ஒருதடவை தராசில் ஏறுவேன். மூன்று கிழமைக்கு முன் அறுபத்தொன்று. போன வெள்ளி அறுபத்து மூன்று.

இன்றைக்கு அறுபத்தேழு!

இறங்கி மறுபடி ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். போனைக் கீழே வைத்துவிட்டும் ஏறினேன். அறுபத்தேழுதான்.

இவ்வளவுக்கும் பத்து நாளாக இரவில் சோறே இல்லை. இரண்டு ரொட்டி, கொஞ்சம் சம்பல். பின்னேரம் குளத்துக்கட்டில் நடை வேறு.

ஊர்ச்சனத்துக்கோ ஒரே சந்தோசம். பளையில் ஒரு கலியாண வீட்டில் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார்கள்.

"இப்பதான் வடிவா இருக்கிறாய். முந்தி காஞ்சுபோய்க் கிடந்தாய்!"

நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் காப்பு கையில் ஏறவில்லை. செருப்பு வார் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அதைச் சேலையால் மூடிக்கொண்டேன்.

ஏனென்றால் அந்தப் பள்ளத்தை நான் முதலே பார்த்திருக்கிறேன். என் அம்மாவின் காலில். கிட்னி. எட்டு மாதம்தான் இருந்தார்.

அதுதான் தராசில் நின்று அழுகை வந்தது. பயம். வேறொன்றும் இல்லை.

எங்களோடு மூட்டை இறக்கும் ரவி பார்த்துவிட்டான்.

"என்னக்கா?"

"ஒரு கிழமையில நாலு கிலோடா. சாப்பிடவே இல்லை."

அவன் என் காலைக் குனிந்து பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, ஒரு கிழமையில நாலு கிலோ கூடின சாக்கை நீங்கள் வாங்குவியளோ?"

"மாட்டன்."

"ஏன்?"

"ஈரமெண்டு திருப்பி விட்டிருப்பன்."

"பிறகென்ன, ஆசுப்பத்திரிக்குப் போங்கோ!"

இருபது வருடமாக ஊரிலுள்ள நெல்லின் ஈரத்தையெல்லாம் கையால் அள்ளிப் பார்த்தே சொன்னவள். என் காலில் கிடந்த தண்ணீரைச் சேலையால் மூடி வைத்திருந்தேன்!

கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். (எனக்குப் பிரஷர். மாதாமாதம் இந்தக் கொப்பியைக் காட்டித்தான் குளிசை, அதாவது மாத்திரை, வாங்குவேன்.) டொக்டர் சின்னப் பெண். காலை அமத்தினார், பிரஷர் பார்த்தார், அவர் முகம் மாறியது.

"பிரஷர் நல்லாக் கூடியிருக்கு. குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ அம்மா?"

"ரெண்டு நாளாப் போடேல்லை டொக்டர். அதாலதான் வீங்குதோ எண்டு விட்டிட்டன்."

(அதற்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுதவில்லை. எனக்கும் மரியாதை இருக்கிறது.)

"வேற ஏதும் குளிசை பாவிக்கிறனீங்களோ?"

"இல்லை டொக்டர்."

"முழங்கால் நோ எண்டு கொப்பியில கிடக்கு. அதுக்கு?"

"அதுக்கு மச்சாள் கனடாவில இருந்து கொண்டந்தது இருக்கு."

"என்ன, குளிசையோ?"

"குளிசையில்லை டொக்டர். மச்சாள் கொண்டந்த சாமான்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பொய் சொல்லவில்லை. மச்சாளின் சூட்கேசில் சொக்லேட், சவர்க்காரம், சென்ட் போத்தல், அதோடு அந்தப் பெரிய வெள்ளைப் போத்தல். எல்லாவற்றையும் சேர்த்து அலுமாரியில் வைத்தேன். கிளினிக்கில் தருவதுதான் மருந்து. சூட்கேசில் வருவது அன்பளிப்பு! அதைப்போய் யாராவது டொக்டருக்குச் சொல்வார்களா?

நாளுக்கு மூன்று. மூன்று கிழமை.

போனில் இருந்த போத்தலின் படத்தைக் காட்டினேன். (மச்சாளுக்கு நன்றி சொல்ல எடுத்த படம்.)

"இது நோவுக் குளிசை அம்மா. உடம்பில தண்ணியைப் பிடிச்சு வைக்கும். பிரஷர் குளிசையையும் வடிவா வேலை செய்ய விடாது. கிட்னிக்குக் கூடாது. இண்டையோட நிப்பாட்டுங்கோ. கிளினிக் குளிசையை மட்டும் விடாதேங்கோ."

"என்ர கிட்னி பழுதாப் போச்சோ டொக்டர்?"

"இரத்தம் எடுத்துப் பாப்பம். நாளைக்கு வாங்கோ."

நாளைக்கு! இந்த ஒரு இரவை எப்படிக் கழிப்பது?

ஆனால் நான் இதை எழுதுவது என் கிட்னிக்காக இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. முன்வீட்டு ராணி அக்காவுக்கும் முழங்கால் நோ. அவரும் நானும் ஒரே கிளினிக், இரண்டு பேருக்கும் பிரஷர். போத்தலில் பாதியைக் கடதாசியில் சுற்றி, இரண்டு சொக்லேட்டும் வைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய வள்ளல்!

அவர் இப்போது பூநகரியில் மகள் வீட்டில். போன கிழமை போன் எடுத்தார்.

"பிள்ளை, உன்ர மச்சாள் நல்லா இருக்கோணும். நோ பறந்திட்டுது. நானும் உன்னை மாதிரி உடம்பு வைச்சிட்டன், மோதிரம் கழட்டேலாமல் கிடக்கு!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மத்தியானத்தில் இருந்து எடுக்கிறேன், போன் ஓஃப். மகளின் நம்பர் என்னிடம் இல்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. விடிய முதல் பஸ்ஸில் போவதென்று இருக்கிறேன். என் ரிப்போர்ட் பிறகு பார்க்கலாம்.

பூநகரிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், வாடியடிச் சந்திக்குக் கிட்ட மகளோடு வந்து நிற்கும் ராணி அக்காவைத் தெரிந்தால், இப்போதே போய் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

"அக்கா, நான் தந்தது சாமானில்லை. குளிசை. இண்டைக்குப் போடாதேங்கோ."